அம்மா கெடுக்காத நெட்டு

அந்த நெட்டைக் கெடுத்தவர் பெரியப்பா. அம்மா இல்லை. இருபது வருஷமாக எங்கள் குடும்பத்தில் எந்தக் கல்யாணம் நடந்தாலும் அவர் அம்மாவைக் காட்டி, "நெட்ட ஊறுகா போட்டவ வந்துட்டா, எல்லாரும் துணிய பத்திரமா வச்சிக்குங்க" என்று சிரிக்கிறார். கூட்டமும் சிரிக்கிறது. மணப்பெண் அறைக்குள் அம்மாவை யாரும் கூப்பிடுவதில்லை.

நெட்டு என்பது எங்கள் கிறிஸ்தவக் கல்யாணங்களில் பெண்ணின் தலையிலிருந்து தரைவரை தொங்கும் வெள்ளை வலைத்துணி. எங்கள் வீட்டில் ஒன்றே ஒன்றுதான். மெல்லிய பருத்தி நூலில் பூப் பின்னியது. வீட்டுக்கு வந்த பெண்களும் வீட்டிலிருந்து போன பெண்களும் அதையே போட்டார்கள். அத்தைக்குத் திண்டிவனத்தில் மாப்பிள்ளை முடிவானபோது பெட்டியைத் திறந்தால், நெட்டு மஞ்சளாகிக் கிடந்தது. தகரப் பெட்டியின் துரு அங்கங்கே ஒட்டியிருந்தது. சுத்தம் பண்ணித் தருவதாக அம்மாதான் பொறுப்பேற்றாள்.

எனக்கு ஒன்பது வயது. அந்த நாட்களை நினைத்தால் இன்னமும் எல்லாம் வெள்ளையாகத்தான் தெரிகிறது. துருவின் மேல் எலுமிச்சைச் சாறும் உப்பும் தடவி, கயிற்றுக்கொடியில் அம்மா வெயிலுக்கு விரிப்பாள். நான் அதற்கடியில் போய்ப் படுத்துக்கொள்வேன். வேப்பமரம், வானம், பறக்கும் காக்கை எல்லாம் பூப்பூவாகத் தெரியும். காற்றடித்தால் உலகமே மூச்சு விடுவதுபோல் மேலே போய்க் கீழே வரும். மூன்றாம் நாள் துரு போய்விட்டது. மஞ்சள் மட்டும் பாக்கி. அம்மா பூந்திக்கொட்டையை ஊறவைத்துப் பிசைந்து, நுரைத்த தண்ணீரில் நெட்டை மெதுவாக அமிழ்த்தினாள். அண்டாவுக்குள் மேகம் இறங்கியதுபோல் இருந்தது.

"கோழி வராம பாத்துக்க. கைய வெச்சிடாத" என்று சொல்லிவிட்டு, வேர்க்கடலைக் காட்டில் மல்லாட்டை பிடுங்கும் வேலைக்குப் போனாள்.

மதியம் பெரியப்பா வந்தார். ஊராட்சித் தண்ணீர்த் தொட்டிக்கு அவர்தான் ஆப்பரேட்டர். தொட்டியில் போடும் பிளீச்சிங் பவுடர் அவர் சைக்கிள் பையில் எப்போதும் இருக்கும். வீட்டில் கக்கூஸுக்கும் அதுதான், வெள்ளை வேட்டிக்கும் அதுதான்.

"இன்னாடி இது, ஒங்கம்மா துணிய போட்டு கொழம்பு வச்சிக்கினு இருக்கா? இத்த போட்டா ஜல்தியா வெளுத்துடும் பாரு."

இரண்டு கை அள்ளிக் கொட்டினார்.

"கைய வுட்டு கலக்கு. அம்மாகிட்ட சொல்லாத. வந்து பாத்து அசந்து போவா."

கலக்கினேன். கண் எரிந்தது. மேகம் பளீரென்று வெளுத்தது. எனக்குச் சந்தோஷம்தான்.

சாயங்காலம் அம்மா வந்து தூக்கினாள். பாதி அவள் கையோடு வந்தது. பாதி தண்ணீரிலேயே கிடந்தது. என் கையை எடுத்து முகர்ந்து பார்த்தாள். பிறகு அண்டாத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, என் கையைத் திரும்பத் திரும்பக் கழுவினாள்.

அத்தை அழுதாள். வீடே கூடி நின்றது. பெரியப்பா முந்திக்கொண்டார்.

"எலுமிச்சம்பழம், உப்புன்னு போட்டா அது துணியா, ஊறுகாயா?"

"ஆமாங்க மாமா. நான்தான் சாறு அதிகமா வுட்டுட்டேன்" என்றாள் அம்மா.

விழுப்புரத்தில் வாடகைக்கு எடுத்த நைலான் நெட்டோடு அத்தைக்குக் கல்யாணம் நடந்தது. அம்மாவும் என்னைப்போலப் பெரியப்பாவுக்குப் பயப்படுகிறாள் என்று நினைத்து நான் வாயை மூடிக்கொண்டேன். போன மாதம்தான் நடந்ததை அவளிடம் சொன்னேன்.

"அப்ப அது நீ இல்லியா?"

அவ்வளவுதான் கேட்டாள். என் பெயர் கெடக் கூடாதென்று இத்தனை வருஷம் தன் பெயரைக் கொடுத்திருக்கிறாள். ஒன்பது வயதில் எனக்கு அது விளங்கவில்லை.

பெரியப்பா, வருகிற ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து சனம் வெளியே வரும்போது கோயில் வாசலில் நில்லுங்கள். அம்மாவும் அத்தையும் உங்கள் எதிரில் இருப்பார்கள். அந்தத் தூளைக் கொட்டியது யார்? எல்லோர் காதிலும் விழும்படி பதில் சொல்லுங்கள்.