மரக்காணம் உப்பளத்தில் ஒரு குவளைக்குப் பரீட்சை

மார்ச் முதல் ஞாயிறு மரக்காணம் போய் வந்தேன். உப்பளம் பார்க்கப் போவதாக வீட்டில் சொன்னேன். உண்மையில் ஒரு சண்டையில் ஜெயிக்கப் போனேன்.

குயிலாப்பாளையத்தில் ஒரு செராமிக் ஸ்டுடியோவில் நானும் கோட்டக்குப்பத்துத் தோழி சல்மாவும் குவளைகள் செய்கிறோம். என் குவளைகள் பார்க்க அழகு. ஆனால் அண்ணாந்து குடித்தால் தண்ணீர் விளிம்பைப் பிடித்துக்கொண்டு இறங்கி, கழுத்தை நனைத்துவிடும். "களிமண்ணுல அது வராதுடி. வாய் வெச்சு குடிக்கறவங்களுக்குச் செய்" என்றாள் சல்மா. எனக்கு வந்ததே கோபம்! நம் ஊரில் பாதிப் பேர் வாய் வைக்காமல் குடிக்கிறவர்கள். அவர்களுக்கு உதவாத குவளை எனக்கு எதற்கு?

விளிம்பை மெல்லியதாக்கி, வெளியே மடக்கி, அந்த மடிப்பின் அடிப்புறத்தைக் கூராகச் சீவினேன். வீட்டில் குடித்துப் பார்த்தேன், சிந்தவில்லை. செய்த கைக்கு அதன் சூட்சுமம் தெரியும் என்று சல்மா அதையும் ஒத்துக்கொள்ளவில்லை. சரி, நாள் முழுக்க அண்ணாந்து குடிக்கிறவர்களிடமே கேட்போம் என்று அவளையும் இழுத்துக்கொண்டு கிளம்பினேன்.

காலை ஆறு மணிக்கு ஸ்கூட்டர். கிழக்குக் கடற்கரைச் சாலையில் சுமார் முப்பது கிலோமீட்டர், பெட்ரோல் நூறு ரூபாய். மரக்காணத்தில் இரண்டு பேருக்கும் இட்லி, டீ எண்பது ரூபாய். சட்னியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது.

உப்பளம் சாலையை ஒட்டியே இருக்கிறது. வாரிய உப்பைப் பெண்கள் கூடையில் சுமந்து வந்து குவித்துக்கொண்டிருந்தார்கள். அவர்களில் பச்சையம்மா என்பவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் என் பழுப்பு நிறக் குவளையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நாங்க எல்லாரும் ஒரே சொம்புலதாங்க குடிப்போம். எச்ச படக்கூடாது. இது சரிப்பட்டு வருமா?" என்றார்.

குடித்துப் பார்க்கச் சொன்னேன். அவர் குடத்திலிருந்து மொண்டு, அண்ணாந்து ஊற்றினார். தண்ணீர் ஒரே இழையாக நேரே வாய்க்குள் விழுந்தது. நிமிர்த்தியதும் நின்றது. கழுத்தில் ஒரு சொட்டு இல்லை.

அடுத்தவரிடம் போனது, அதற்கடுத்தவரிடம் போனது. யாரும் பாராட்டவில்லை, தாகத்துக்குக் குடித்தார்கள், அவ்வளவுதான். எனக்குத்தான் தலைகால் புரியவில்லை. கடைசியில் சல்மா வாங்கினாள். வேண்டுமென்றே மெதுவாகச் சாய்த்தாள், பாவி. அப்படியும் சிந்தவில்லை. "வந்துடுச்சுடி" என்றாள்.

பச்சையம்மா குவளையைக் குடத்து மூடிமேல் கவிழ்த்து வைத்துவிட்டுக் கூடையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார். திருப்பிக் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

போகிறவர்களுக்கு: வெயில் ஏறுவதற்குள் போங்கள். மழைக்காலத்தில் உப்பளத்தில் வேலை நடக்காது. பாத்திகளுக்கு நடுவில் வரப்பு வழுக்கும், கேட்காமல் இறங்காதீர்கள். தாகம் எடுத்தால் கேளுங்கள், தண்ணீர் தருவார்கள். பழுப்பு நிறக் குவளை கைக்கு வந்தால் தயங்காமல் அண்ணாந்து குடியுங்கள். சட்டை நனைந்தால் அது உங்கள் தப்பு, என் குவளையின் தப்பில்லை.