ரேடியேட்டரில் மோர்க்குழம்பு

"தம்பி, வண்டி வாந்தி எடுக்குது. மஞ்ச மஞ்சளா எடுக்குது. செத்த வந்து பாரு."

ராஜபாளையம் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் நான் சொந்தமாக ஷெட் போட்டிருந்த புதிது. எண்பதுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா கடை வைத்திருந்த நாயகம் அண்ணாச்சி பஸ் பிடித்து வந்து, நான் ஸ்டூலை இழுத்துப் போட்டும் உட்காராமல் இதைச் சொன்னார். சொந்தக் கார் வைத்திருப்பவர் பஸ்ஸில் வந்து மெக்கானிக்கைத் தேடுகிறார் என்றாலே நிலைமை புரிந்துவிடும்.

"நாளைக்குக் காலைல சேத்தூர் போகணும்லே. செல்விக்கு வளைகாப்பு. வளையலப் போட்டு, கையோட புள்ளையக் கூட்டிட்டு வரணும்."

செல்வி அவருக்கு ஒரே மகள். சேத்தூரில் கட்டிக் கொடுத்திருந்தார். ஏழாம் மாதம் வளையல் போட்டுப் பிரசவத்துக்குத் தாய்வீடு கூட்டிவருவது வழக்கம். அதில் சிக்கல் எங்கே வந்தது என்றால், சம்பந்தியிடம். அவர் பட்டாளத்தில் இருந்துவிட்டு வந்து விவசாயம் பார்ப்பவர். சமீபத்தில் புதிய சின்னக் கார் ஒன்று வாங்கியிருந்தார். "ஒங்க கட்டவண்டில எம் மருமக எதுக்கு வேகணும்? நானே கொண்டாந்து விடுதேன்" என்று நாலு பேர் முன்னால் சொல்லிவிட்டார். அண்ணாச்சிக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்துவிட்டது. "எம் மக எம் வண்டிலதான் வருவா. வழில ஒரு எடத்துல கொதிச்சாலும் எறக்கி ஒங்க வண்டில ஏத்தி விட்டுட்டு நான் பஸ்ல வாரேன்" என்று வாக்குக் கொடுத்துவிட்டார். இரண்டு மாதமாகப் பத்து மைல் போனாலே பொங்கி நிற்கிற அம்பாசடரை வைத்துக்கொண்டு!

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். ஆனால் பெற்ற மகளை அடுத்தவர் காரில் அனுப்பிவிட்டுப் பின்னால் பஸ்ஸில் வருவது எந்த அப்பனுக்கும் கஷ்டம்தான். டூல் பாக்ஸை எடுத்துக்கொண்டு அவரோடு அதே பஸ்ஸில் ஏறினேன்.

கைவைத்தியம்

அவர் தெருவுக்குள் நுழையும்போதே மோர்க்குழம்பு வாசனை வந்தது. மதினி, அதாவது அண்ணாச்சி மனைவி, நல்ல சமையல்காரி. இன்றைக்கு நமக்கு யோகம்தான் என்று நினைத்தேன். வீட்டை நெருங்க நெருங்க வாசனை கூடியது. வாசலில் நின்ற காரின் பானெட்டைத் தூக்கினேன். அங்கிருந்துதான் வந்தது.

எஞ்சின் மேலெல்லாம் மஞ்சள் நுரை தெறித்துக் கிடந்தது. நாங்கள் வந்து சேர்ந்தும் சூடு இறங்கியிருக்கவில்லை. அண்ணாச்சி துண்டைச் சுருட்டிக்கொண்டு ரேடியேட்டர் மூடியில் கை வைத்தார்.

"கைய எடுங்க! மொகம் வெந்துரும்!" என்று கத்தினேன். பெரியவரைப் பார்த்துக் கத்தலாமா என்றெல்லாம் பார்க்கவில்லை. சூட்டில் உள்ளே பிரஷர் நிற்கும். மூடியைத் திருகினால் கொதிதண்ணீர் நேரே மூஞ்சிக்குத்தான் வரும். ரேடியேட்டரின் மேல் ஹோஸைக் கையால் பிடித்தால் சுடக் கூடாது. அதுவரை மூடியைத் தொடக் கூடாது. இன்றைக்கும் இதில் அவசரப்படுகிறவனை எனக்குப் பிடிக்காது.

ஆறட்டும் என்று உட்கார்ந்தோம். "உள்ள என்ன ஊத்துனீங்க?" என்று கேட்டேன்.

அண்ணாச்சி தெருவைப் பார்த்தார். "தண்ணிதான்."

"பொறவு?"

"ஒரு லாரி டிரைவர் சொன்னான்னு கொஞ்சம் மஞ்சத்தூள். ஒழுகிட்டு இருந்துச்சுல்லா, அது நின்னுருச்சு."

இது எங்கள் பக்கத்தில் ரோட்டில் மாட்டிக்கொண்டவர்கள் செய்கிற வேலைதான். மஞ்சள் தூள் ஓட்டையில் போய் அடைத்துக்கொள்ளும். ஊர் போய்ச் சேரலாம். அதையே நிரந்தர வைத்தியமாக வைத்துக்கொண்டால் ஓட்டையோடு சேர்த்து ரேடியேட்டர் குழாய்களும் அடைத்துக்கொள்ளும்.

"அம்புட்டுத்தானா?"

இதற்கு மதினி வாசற்படியிலிருந்து பதில் சொன்னார். "ஏன் மறைக்கீய? புளிச்ச மோரு ஒரு சட்டி ஊத்துனதச் சொல்லுங்க."

அண்ணாச்சி பக்கம் ஒரு நியாயம் இருந்தது. உப்புத் தண்ணீர் ஊற்றி ஊற்றி உள்ளே வெள்ளையாகப் படிந்திருந்தது. ரேடியேட்டர் பித்தளை. பித்தளைப் பாத்திரத்தைப் புளித்த மோரில் ஊறவைத்தால் பளிச்சென்று ஆகிவிடும். ஆகவே ஊற்றினார். சூடு ஏறினால் இன்னும் நன்றாக வேலை செய்யும் என்று எஞ்சினையும் ஓடவிட்டார்.

"அண்ணாச்சி, நீங்க பால் வியாபாரம் பண்ணுதீங்க. மோரக் கொதிக்க வச்சா திரிஞ்சு போகும்னு ஒங்களுக்குத் தெரியாதா?"

"தெரியும்லே. ஆனா அது அடுப்புல. இது வண்டில்லா!"

கோபம்தான் முதலில் வந்தது. அப்புறம் சிரிப்பு வந்துவிட்டது. மஞ்சள், மோர், உப்புத் தண்ணீர், கொதி. தாளிக்க மட்டும்தான் மறந்திருந்தார்.

கழுவியது

வண்டி ஆறியதும் மூடியை எடுத்துவிட்டு ரேடியேட்டரின் அடியில் இருந்த டிரெய்ன் டேப்பைத் திறந்தேன். ஒரு சொட்டு வரவில்லை. கம்பியை விட்டுக் குத்தினேன், அப்போதும் இல்லை. கீழ் ஹோஸின் கிளிப்பைத் தளர்த்தி உருவினேன். தொப்பென்று கட்டி கட்டியாக மஞ்சள் தயிர் விழுந்தது. இரண்டு காக்கைகள் வந்து தலையைச் சாய்த்துப் பார்த்துவிட்டு, வேண்டாம் என்று போய்விட்டன.

கிணற்றுத் தண்ணீரை மோட்டார் போட்டு ஹோஸ் வழியாக மேலே விட்டுக் கழுவினோம். பிறகு கீழிருந்து மேலாக விட்டோம். அடைப்பு வந்த வழியிலேயே திரும்பிப் போக வேண்டும். அதற்குத்தான் ரிவர்ஸ் ஃப்ளஷ் என்று பெயர். எஞ்சின் பிளாக்கில் தனியாக ஒரு டேப் உண்டு. பலரும் அதை மறந்துவிடுவார்கள். அதையும் திறந்தால் அங்கேயும் பாதிக் குழம்பு இருந்தது.

எவ்வளவு விட்டாலும் மஞ்சளாகவே வந்தது. மதினி பார்த்துக்கொண்டே நின்றார்.

"பால் அடிப்பிடிச்ச சட்டி வெறுந்தண்ணிக்குப் போகுமா? சோடாவப் போடுங்க."

அடுத்து நானும் அதற்குத்தான் வந்திருப்பேன். ஆனால் மதினி முந்திக்கொண்டார். சலவைச் சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றி, ஹோஸை மாட்டி, எஞ்சினை மெதுவாக ஓடவிட்டுச் சூடேற்றினோம். ஆறவைத்து வடித்தோம். கறுப்பும் மஞ்சளுமாக அத்தனை அழுக்கும் வந்தது. சோடா உள்ளே தங்கக் கூடாது என்பதால் வெறும் தண்ணீர் விட்டுத் திரும்பத் திரும்ப அலசினோம்.

தண்ணீர் தெளிந்துவிட்டதா என்று நான் பாட்டிலில் பிடித்து வெளிச்சத்தில் பார்த்தேன். அண்ணாச்சி அப்படிப் பார்க்கவில்லை. பால் வாங்குகிற பழக்கத்தில் விரலை நனைத்து நாக்கில் வைத்தார்.

"இன்னும் சோடா இருக்கு. ஒரு தண்ணி விடு."

"அதப் போயி நாக்குல வைக்கலாமா? என்ன மனுசரு நீங்க!" என்று திட்டிவிட்டு ஒரு தண்ணீர் விட்டேன். அவர் சொன்னது சரிதான் என்றாலும் நீங்கள் யாரும் அதைச் செய்துவிடாதீர்கள்.

எல்லாம் முடிந்தது என்று நிமிர்ந்தால் ரேடியேட்டரின் ஓரத்தில் சொட்டு விழுந்தது. மஞ்சள் போனதும் அது அடைத்திருந்த பழைய ஓட்டை திறந்துகொண்டது. அண்ணாச்சி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "மஞ்சளே இருந்திருக்கலாமோ?" என்றார். அவர் முகத்தைப் பார்க்க எனக்குப் பாவமாக இருந்தது.

ரேடியேட்டரைக் கழற்றி வீட்டுக்குப் பின்னால் கொண்டுபோனேன். அங்கே பால்கோவா அடுப்புகள் எரிந்துகொண்டிருந்தன. அண்ணாச்சி ஒரு சட்டிப் பாலை இறக்கச் சொல்லி அடுப்பை எனக்குக் கொடுத்தார். பாதியில் பாலை இறக்கினால் அந்தப் பால் வீண். அவர் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த நெருப்பில் சால்டரிங் கோலைப் பழுக்கவைத்து, ஓட்டையைச் சுரண்டிச் சுத்தம் செய்து, ஈயம் வைத்து அடைத்தேன். தண்ணீர் நிரப்பித் தூக்கிப் பிடித்துப் பார்த்தோம். ஒரு சொட்டு விழவில்லை. திரும்ப வண்டியில் மாட்டினேன்.

நல்ல தண்ணீர்

கழுவுவதற்குக் கிணற்றுத் தண்ணீர் போதும். நிரப்புவதற்கு ஆகாது. அந்த உப்புதானே முதல் வினை? கூலண்ட் டப்பா எல்லாம் எங்கள் ஊர்க் கடைகளில் கிடைக்காத காலம். வீட்டில் நல்ல தண்ணீர் ஒரே ஒரு குடம் இருந்தது. குழாயில் மறுநாள்தான் தண்ணீர் வரும். மதினி குடத்தை விட்டு நகரவில்லை.

"சாயந்தரம் வளைகாப்புக்கு அழைக்க சம்பந்தி வீட்டு ஆளுக வருவாக. குடிக்க உப்புத் தண்ணியா குடுப்பேன்?"

"மதினி, இது இல்லன்னா ஒங்க மக அவிய வண்டிலதான் வருவா."

மதினி குடத்தைத் தானே தூக்கிவந்து பம்பர் பக்கத்தில் வைத்தார். "ஊத்துங்க. சிந்தாம ஊத்துங்க."

வேகமாக ஊற்றினால் உள்ளே காற்று மாட்டிக்கொள்ளும். மெல்ல ஊற்றி, மூடியைத் திறந்து வைத்தபடியே எஞ்சினை ஐடிலில் ஓடவிட்டு, மேல் ஹோஸை அமுக்கி அமுக்கி விட்டேன். குமிழ் குமிழாகக் காற்று வெளியே வந்தது. மட்டம் இறங்க இறங்க ஊற்றினேன். குமிழ் நின்ற பிறகு மூடியைப் போட்டேன். வண்டியை எடுத்துத் தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தோம். டேஷ்போர்டில் டெம்பரேச்சர் முள் நடுவிலேயே நின்றது.

"முருகேசா, நாளைக்கு நீதான் வண்டி ஓட்டுத" என்றார் அண்ணாச்சி. மறுத்தால் விடுவாரா?

சேத்தூர் போய்த் திரும்பியது

போகும்போது ரோட்டை நான் பார்த்தேன். டெம்பரேச்சர் முள்ளை அண்ணாச்சி பார்த்தார். சேத்தூர் வரை அவர் கண் இமைத்ததாகவே தெரியவில்லை. சடங்கெல்லாம் நல்லபடியாக நடந்தது. ஆனால் செல்வி சாப்பிடவில்லை. இலையில் விதவிதமாகச் சாதம் வைத்தும், குமட்டுகிறது என்று எழுந்துவிட்டாள். மாதக்கணக்காக இப்படித்தான் என்றார்கள். மதினியின் கண் கலங்கிவிட்டது.

கிளம்பும்போது சம்பந்தி தன் காரில் ஒரு கேன் தண்ணீரை ஏற்றினார். "நானும் பின்னாலயே வாரேன். தள்ளுததுக்கு ஆளு வேணும்லா" என்று சிரித்தார். அண்ணாச்சி சிரிக்கவில்லை.

ராஜபாளையத்துக்குள் வந்தபோது நடுரோட்டில் ஒரு வைக்கோல் வண்டி அச்சு முறிந்து நின்றது. முன்னாலும் பின்னாலும் வண்டிகள். உச்சி வெயில். காற்றில்லாமல் நின்ற இடத்திலேயே எஞ்சின் ஓடினால்தான் ரேடியேட்டரின் லட்சணம் தெரியும். முள் மெல்ல ஏறியது. அண்ணாச்சி டேஷ்போர்டைப் பிடித்துக்கொண்டார். கொஞ்சம் ஏறி, நின்றுவிட்டது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த மூச்சை உள்ளே இழுத்தபோது மோர்க்குழம்பு வாசனை வந்தது.

எனக்கு உயிரே போய்விட்டது. இறங்கி பானெட்டைத் தூக்கினேன். ஆவி இல்லை, ஒழுகல் இல்லை. உள்ளே இருந்ததையெல்லாம் அலசிக் கழுவிய நாங்கள், வெளியே சைலென்ஸர் பைப் மேல் தெறித்துக் காய்ந்திருந்ததைத் துடைக்கவில்லை. அது இப்போது சூட்டில் வறுபட்டு மணத்துக்கொண்டிருந்தது. அதற்குள் பின்னால் நின்ற காரிலிருந்து சம்பந்தி இறங்கி வந்துவிட்டார். மூக்கை உறிஞ்சினார்.

"என்ன சம்பந்தி, கொதிச்சிருச்சா?"

அண்ணாச்சி வாயைத் திறக்குமுன் பின்சீட்டிலிருந்து செல்வியின் குரல் கேட்டது.

"அப்பா, பக்கத்துல யாரோ மோர்க்குழம்பு வைக்காக. எனக்கு மோர்க்குழம்பு வேணும்பா. சுடுசோத்துல ஊத்தி. இப்பவே பசிக்கி."

 சம்பந்தி குனிந்து செல்வியைப் பார்த்தார்.

"ஏழு மாசமா எங்க வீட்ல இது வேணும்னு வாயத் தொறந்து ஒண்ணு கேட்டதில்லையே, தாயி" என்றார்.  பிறகு தலையை ஜன்னலுக்குள் விட்டு முள்ளைப் பார்த்தார். "கொதிக்கல. வாக்கு வாக்குதான். ஒங்க வண்டிலயே போங்க சம்பந்தி. தம்பி, வெரசா விடு, புள்ள பசியோட இருக்கு!" என்று சொல்லிவிட்டு, தானே போய் நாலு ஆளைச் சேர்த்துக்கொண்டு வைக்கோல் வண்டியை ஓரம் தள்ளினார்.

அன்றைக்கு ஸ்ரீவில்லிபுத்தூரில் மதினி வைத்த மோர்க்குழம்பை செல்வி இரண்டு முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டாள். எதிர் இலையில் உட்கார்ந்திருந்த சம்பந்தியிடம் அண்ணாச்சி ரேடியேட்டர் கதையைச் சொன்னார். சம்பந்திக்குச் சிரித்துப் புரை ஏறி, மதினி உச்சந்தலையில் தட்ட ஆள் கூப்பிட வேண்டியதாயிற்று. அடுத்த வாரம் அவருடைய புதுக் காரும் சர்வீஸுக்கு என் ஷெட்டுக்கு வந்தது.

கொஞ்ச நாள் கழித்து மண்ணெண்ணெயும் பிரஷும் எடுத்துக்கொண்டு அண்ணாச்சி வீட்டுக்குப் போனேன். மிச்சம் வைத்த வேலை மனதை உறுத்திக்கொண்டே இருந்தது. பானெட்டைத் திறந்ததுதான் தாமதம், அண்ணாச்சி ஓடிவந்தார்.

"கைய எடுலே! பேறுகாலம் முடியட்டும். தெனம் சாயந்தரம் புள்ளய வண்டில ஒக்கார வச்சு ஒரு சுத்து போயிட்டு வாரேன். எறங்குன ஒடனே சோறு கேக்கா."

பிரஷைப் பெட்டிக்குள் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். பேத்தி பிறந்து, பெயர் வைத்த பிறகுதான் அந்த சைலென்ஸர் பைப்பைத் துடைக்க எனக்கு அனுமதி கிடைத்தது.

இன்றைக்கு ரேடியேட்டர் வேலைக்கு வருகிற பையன்களிடம் நான் சொல்வது இதுதான். மூடியைத் திறக்கும் முன், உள்ளே என்ன ஊற்றினீர்கள் என்று வீட்டுக்காரரிடம் கேளுங்கள். அவர் மறைத்தால் வீட்டுக்காரம்மாவிடம் கேளுங்கள். வேலை முடிந்து கறையைத் துடைக்கும் முன்பும் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள்.