ஆவூரில் ஒரு நந்தியாவட்டை

ஆவூரில் பஸ் வர இன்னும் நேரம் இருக்கிறது. தெரிந்த முகம் ஒன்றும் இல்லாததால், நிழலுக்காகக் கல்லறைத் தோட்டத்துக்குள் வந்து உட்கார்ந்திருக்கிறேன். எதிரே பூத்திருக்கும் நந்தியாவட்டையை வாட்டர் கலரில் தீட்டுகிறேன். இலைக்குக் கரும்பச்சை, அதன் இடுக்குகளில் கொஞ்சம் நீலம்.

சின்னக் கல்லறை மேடு ஒன்றில் புல் பிடுங்கிக்கொண்டிருந்த பெண் எழுந்து வந்து எட்டிப் பார்க்கிறார்.

"பூவ மட்டும் வரையாம விட்டுட்டீங்களே?"

"வெள்ளைக்கு வர்ணம் வேண்டாம்மா, தாளே வெள்ளைதானே. சுத்தி இருட்டா தீட்டினா, விட்ட எடம் பூவாத் தெரியும்."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருக்கிறார்.

"எம் மகள ஒரு போட்டோகூட எடுக்கலைங்க. எங்களையெல்லாம் வரைஞ்சு நடுவுல எடம் விட்டா, அவ தெரிவாளா?"

தூரிகையைத் தண்ணீரில் கழுவுகிறேன். வர்ணம் போன பிறகும் கழுவிக்கொண்டே இருக்கிறேன்.