காம்பராவுக்குள் ஓடிய தகரக் குழாய்

நான் முட்டாள் என்பதை முதலிலேயே நானே சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக நிற்கும் எங்கள் லயத்தில் யாரைக் கேட்டாலும் என்னைவிட விரிவாகச் சொல்வார்கள். அதிலும் நான் கைத்தொழில் தெரிந்த முட்டாள். ஹாலிஎலைக்கு மேலே ஒரு தோட்டத்து ஸ்டோரில், தேயிலைப் பெட்டிகளுக்குள் ஈயத்தகடு பொருத்தி மூட்டுகளைப் பற்றவைப்பது என் வேலை. நான் பற்றவைத்த பெட்டி கப்பலேறிச் சீமைக்குப் போனாலும் உள்ளே ஈரம் புகாது, வாசனை கசியாது. அந்தப் பெருமை மண்டைக்கு ஏறிவிட்டது.

மார்கழிப் பனி. மனைவிக்குப் பிள்ளை பிறந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. ஆண் பிள்ளை, ஆனால் பூனைக்குட்டி அளவு. முந்தின வருடப் பனியில் இதே லயத்தில் ஒரு குழந்தை விறைத்துப் போனதைப் பார்த்தவன் நான். என் பிள்ளையின் கால்விரலை ராத்திரியெல்லாம் தொட்டுத் தொட்டுப் பார்ப்பேன்.

"கங்குச் சட்டி வையி, கதவைக் கொஞ்சம் தொறந்து வையி" என்றாள் அடுத்த காம்பரா அத்தை.

"சூட்டை வெளிய அனுப்பவா அத்தை கங்கு வைக்கிறது?" என்று கேலி செய்தேன்.

துரை பங்களாவில் சூடெல்லாம் புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போகிறது. நான் அப்படி வீணாக்குவேனா? வாசல் திண்ணையான இஸ்தோப்பில் அடுப்புக் கட்டினேன். மண்ணெண்ணெய்த் தகரங்களை அடி வெட்டி, ஒன்றோடொன்று கோத்துக் குழாயாக்கினேன். அது காம்பராவுக்குள் சுவரோரமாக ஓடிப் பின்சுவர் வழியே வெளியேறியது. புகை போகும், சூடு மட்டும் எங்களோடு தங்கும். மூட்டுகளுக்கு? இருக்கவே இருக்கிறது என் ஈயத்தகடு. தேயிலை வாசனையையே அடைத்து வைப்பது புகையை விடுமா?

சாயங்காலம் நாலு சுள்ளி வைத்துப் பற்றவைத்தேன். குழாய் கதகதவென்றது. லயமே வந்து தொட்டுப் பார்த்தது. "தொரைக்கே இப்படி இல்லடா!" என்றான் ஒருவன். நான் மறுக்கவில்லை. கூரை இடுக்கு, சன்னல் எல்லாவற்றையும் சாக்கு வைத்து அடைத்தேன்.

காலையில் வேலைக்குப் போகுமுன், திரும்பி வரும்வரை சூடு நிற்கட்டும் என்று அடுப்பு நிறையக் கரியைக் கொட்டினேன். அடுப்பின் வாயைச் செங்கல்லால் மூடினேன்.

மத்தியானம் சோற்றுக்கு வந்தேன். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையிலேயே கேட்கும் பிள்ளையின் அழுகை அன்று இல்லை. 'சூடு கண்டதும் தூங்கிட்டான் பயல்' என்று சிரித்துக்கொண்டேன். கதவைத் திறந்தேன். புகையே இல்லை. அதற்கும் ஒரு சிரிப்பு.

"என்னா புள்ள, தொரைசாணி மாதிரி தூக்கமா?"

நான் பேசி முடிக்குமுன் பதில் சொல்லிப் பழகியவள். அன்று சொல்லவில்லை. வாய் திறந்திருந்தது, கண் பாதி மூடியிருந்தது. தோளை உலுக்கினேன், கை துணிபோல விழுந்தது. பிள்ளையின் தலை ஒரு பக்கம் தொங்கியது. எனக்கே நெற்றிப்பொட்டு தெறித்தது. "அத்தே!" என்று கத்தினேனாம். எனக்கு என் குரல் கேட்டதாக நினைவில்லை.

அத்தை ஓடிவந்து பிள்ளையைப் பிடுங்கிக்கொண்டு தூறலுக்குள் போனாள். மனைவியை நான் அக்குளில் கைகொடுத்து வாசலுக்கு இழுத்தேன். அத்தை பிள்ளையைக் குப்புறப் பிடித்து உள்ளங்காலில் அடித்தாள். சத்தமில்லை. மறுபடி அடித்தாள். எந்தக் குளிருக்குப் பயந்தேனோ, அந்தக் குளிரில் பிள்ளை வெறும் உடம்போடு அத்தை கையில் இருந்தான். நான் அப்போது எந்தச் சாமியிடம் என்னென்ன நேர்ந்துகொண்டேன் என்று தெரியவில்லை. தெரிந்திருந்தால் அந்த நேர்த்திக்கடனெல்லாம் இன்றைக்கும் தீர்ந்திருக்காது.

ஒரு தும்மல். பிறகு நூல்போல ஓர் அழுகை.

மனைவி வாந்தியெடுத்தாள். கண் திறந்து, "புள்ள?" என்றாள். "அழுவுறான், கேக்குதா?" என்றாள் அத்தை.

உள்ளே போய்க் குழாயைப் பார்த்தேன். கரியின் சூட்டில் ஈயம் மெழுகாக உருகி, மூட்டெல்லாம் வாய் பிளந்து கிடந்தது. அந்த வழியாகத்தான் கண்ணுக்குத் தெரியாத கரிவிஷம் காம்பராவை நிரப்பியிருக்கிறது. உருகிய ஈயச் சொட்டுகள் சுவரடியில் இறுகிக் கிடந்தன. ஒன்று பிள்ளை படுத்திருந்த பாயிலேயே விழுந்து, ஓலையைப் பொசுக்கியிருந்தது. வாளித் தண்ணீரை அப்படியே அடுப்பில் கொட்டி அணைத்தேன்.

பொழுது சாயும்வரை கதவும் சன்னலும் விரியத் திறந்தே கிடந்தன. கம்பளிகள் அவர்கள் இருவருக்கும், எனக்குச் சன்னலடைத்த சாக்கு. பல் தந்தியடித்தது. பிள்ளை பால் குடிப்பதைப் பார்த்த தைரியத்தில் மெல்ல எழுந்து போய்க் கதவில் கை வைத்தேன்.

"பயலுக்குக் குளிரும்ல? ஒரு விரக்கடை மட்டும் சாத்தட்டுமா?"

"கைய எடுங்க" என்றாள் மனைவி.