காகிதம் எறியாத வசந்தி அக்கா

போன செவ்வாய்க்கிழமை மதியம் வசந்தி அக்கா போனில் கூப்பிட்டார். குரல் வழக்கத்தைவிட ஓங்கி ஒலித்தது.

“தம்பி, முடிவு வந்திட்டுது. நான் வெண்டிட்டன்.”

மோர்டென்ஸ்ருட் ஸ்டேஷனில் ரயிலுக்காக நின்றிருந்த நான் துள்ளியே விட்டேன். பக்கத்தில் நின்ற நோர்வேஜியப் பெண்மணி இரண்டடி தள்ளிப் போனார். போகட்டுமே.

வசந்தி அக்கா ட்வெய்ட்டாவில் இருக்கிறார். ஒரு முதியோர் இல்லத்தில் பத்து வருடமாகச் சமையல் வேலை. போன வருடம் அங்கே ஒரு புது மேலாளர் வந்தார். வந்ததும் ஓர் உத்தரவு — சாப்பாட்டு அறையில் அக்காவும் இன்னொரு தமிழ்ப் பெண்ணும் தமிழில் கதைக்கக் கூடாது. அதே மேசையில் இரண்டு ஜெர்மன்காரர்கள் ஜெர்மன் மொழியில் அரட்டை அடிக்கலாம். இது என்ன நியாயம்?

அக்கா இல்ல நிர்வாகத்திடம் எழுத்தில் முறைப்பாடு கொடுத்தார். அடுத்த திங்கட்கிழமையே அவரை அடுப்படியிலிருந்து தூக்கி, நிலவறையில் பாத்திரம் கழுவப் போட்டார்கள். தனியாக. பதினொரு வாரம்.

“எல்லாருக்கும் மாறி மாறி வருகிற வேலைதானே” என்றாராம் மேலாளர்.

ஓர் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். அப்போது “விடுங்கோ அக்கா, வேலையைக் காப்பாத்துங்கோ” என்று அறிவுரை சொன்ன மகா புத்திசாலி... நான்தான்.

“பாத்திரம் கழுவுறது எனக்குக் குறைச்சல் இல்லை தம்பி. வாயைத் திறந்ததுக்குத் தண்டனையா அதைத் தந்ததுதான் குறைச்சல்” என்றார் அக்கா. பாகுபாட்டு முறைப்பாடுகளை விசாரிக்கும் அரச அலுவலகத்துக்கு எழுதிப் போட்டார். புதிதாக வந்த சட்டப்படி, முறைப்பாடு செய்தவரைப் பழிவாங்குவதும் தப்பு.

சரி, ஆதாரம்? அகதியாக வந்திறங்கியபோது, எதைச் சொன்னாலும் “பேப்பர் இருக்கிறதா?” என்று கேட்கப்பட்டவர் அக்கா. அன்றிலிருந்து ஒரு துண்டுக் காகிதத்தையும் எறிவதில்லை. “நோர்வேக் காட்டிலை பாதி எங்கடை வீட்டிலைதான் கிடக்கு” என்று அவர் கணவர் நக்கலடிப்பார். நாங்களும் சேர்ந்து சிரிப்போம். சமையலறைச் சுவரில் வாராவாரம் ஒட்டும் வேலை அட்டவணை இருக்கிறதே — கழற்றியதும் அதையும் கேட்டு வாங்கி வந்து ஃபைலில் போட்டிருந்தார். பத்து வருட அட்டவணைகள்!

அத்தனையையும் விசாரணையில் மேசைமேல் வைத்தார். பத்து வருடத்தில் எந்தச் சமையல்காரரும் ஒரு வாரம்கூட நிலவறைக்குப் போனதில்லை. அக்கா மட்டும்தான், அதுவும் முறைப்பாட்டுக்கு அடுத்த திங்கட்கிழமையிலிருந்து. மேலாளரின் ‘மாறி மாறி’ அங்கேயே பல்லிளித்தது.

பாகுபாடு, பழிவாங்கல் — இரண்டும் நடந்தன என்று முடிவு வந்துவிட்டது. அக்கா மறுபடி அடுப்படியில். மேலாளர் கையெழுத்திட்ட மன்னிப்புக் கடிதம் ஃபைலில். எனக்குப் பெருமை தாங்கவில்லை. கூடவே வெட்கமும்தான். பயத்துக்குப் ‘பொறுமை’ என்று பெயர் வைத்துக்கொண்டு எத்தனை பேர் எத்தனை வருடத்தை ஓட்டிவிட்டோம்?

“எங்கை நிண்டு கதைக்கிறியள் அக்கா, இவ்வளவு சத்தமா?” என்று அன்று போனிலேயே கேட்டேன்.

“சாப்பாட்டு அறையிலை தம்பி. மனேஜர் முன் மேசையிலைதான் இருக்கிறார்.”