ஸாஜிதா வெட்டச் சொன்ன வரம்பு

கரைத்தீவில், களப்பு என்னும் கடல்நீரேரியின் ஓரம் நண்டு பிடித்துப் பிழைக்கிறவள் ஸாஜிதா. நாற்பது வயது. அவள் பேசினால் அடுத்த வளவுக்கும் கேட்கும். சினை நண்டு கையில் அகப்பட்டால், "போய்ப் பெத்துட்டு வா" என்று திரும்ப விட்டுவிடுவாள். அதைச் சொல்லிச் சொல்லியே சிரிப்பார் கணவர் ரஸாக்.

அலையாத்தி இனக் கண்டல் மரங்களை நடும் திட்டமொன்று ஊருக்கு வந்தபோது அவளும் கூலிக்குப் போனாள். சிலாபத்திலிருந்து வந்த அல்பேட் என்பவர் பொறுப்பு. களப்பின் வெறும் சேற்றில் கயிறு கட்டி வரிசையாகக் கன்று வைத்தார்கள். முதல் நாளே ஸாஜிதா சொன்னாள்:

"சேர், இது நிக்காது. இந்த இடத்துல எந்நேரமும் முழங்கால் தண்ணி. மரமும் மூச்சு விட வேணாமா?"

அல்பேட் சிரித்துவிட்டுப் போனார். நான்கு மாதத்தில் கன்றெல்லாம் சிப்பி ஒட்டிச் செத்தன. மறு வருஷமும் அதே கதி. பிறகு அவரே அவளைத் தேடி வந்தார்.

"எங்கதான் நடுறது, தங்கச்சி?"

"நடவே வேணாம். வாங்க, காட்டுறன்."

கைவிட்ட இறால் பண்ணை ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். கண்டல் காட்டை அழித்து, மண்வரம்பு கட்டி, இறாலுக்கு நோய் வந்ததும் விட்டுப்போன இடம். உள்ளே நிலம் வெடித்து உப்புப் பூத்துக் கிடந்தது. வரம்புக்கு வெளியே குனிந்து நண்டு வளைகளைக் காட்டினாள்.

"நண்டு வளை தோண்டுற மண்ணுலதான் கண்ணாக் கண்டல் பிடிக்கும். உள்ளுக்கும் இதே மண்தான். ஓடை வாய் இங்க இருந்திச்சு, வரம்பு அடைச்சிட்டுது. வெட்டி விடுங்க. தண்ணி வந்து போனா விதையும் தானா வரும்."

நிலத்துக்காரர் சம்மதித்தார். பன்னிரண்டு பேர் இரண்டு நாள் வெட்டினார்கள். தண்ணீர் உள்ளே பாய்ந்ததும் ஸாஜிதா கைதட்டிக் கத்தினாள். "ஆறு மாசத்துல பாருங்க" என்று ஊரெல்லாம் சொல்லியும் வைத்தாள்.

ஆறு மாதமாயிற்று. உப்பு மண்ணில் படரும் உமரிச் செடியைத் தவிர ஒன்றும் முளைக்கவில்லை. "என்ன ராத்தா, காடு எங்க?" என்று கடையில் கேலி செய்தார்கள். அவள் கடைக்குப் போவதையே குறைத்துக்கொண்டாள். ஆனாலும் காலையில் பண்ணைப் பக்கம் போய்ப் பார்க்காமல் அவளுக்குத் தேத்தண்ணி இறங்காது.

மாரி மழையில் களப்பு ஏறி, ஜனவரியில் வடிந்தது. ஒரு நாள் அல்பேட்டின் தொலைபேசி அடித்தது.

"சேர், வந்திட்டுது!"

ஸாஜிதாதான். அழுதுகொண்டிருந்தாள்.

வெள்ளத்தோடு வந்து உமரித் தூர்களில் சிக்கிய கண்ணா விதைகள் நூற்றுக்கணக்கில் இலை விட்டிருந்தன. அல்பேட் சப்பாத்தைக் கழற்றிவிட்டுச் சேற்றில் இறங்கி, ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தார். "நான் படிச்சதெல்லாம் எதுக்கு, தங்கச்சி?" என்றார்.

"அதுவும் வேணும் சேர். இல்லாட்டி வரம்ப வெட்ட எனக்கு யாரு ஆள் தருவா?"

எத்தனை கன்று நட்டீர்கள் என்று அலுவலகம் கேட்டது. "நட்டது ஒன்றுமில்லை. நட வேண்டாமென்று சொன்னவர் ஸாஜிதா" என்று எழுதி அனுப்பினார் அல்பேட்.