டேப் சுற்றிய ராக்கெட்

வள்ளியூரில் இருபது வருடமாகப் பைப் கடை வைத்திருக்கும் நான், இன்று ஒரு மூடி விஷயத்தில் மகளிடம் வசமாக மாட்டிக்கொண்டேன்.

கல்லூரியில் அவள் விடும் சின்ன ராக்கெட்டின் மோட்டார், ஒவ்வொரு தடவையும் புது எரிமருந்து நிரப்பும் ஓர் உலோகக் குழாய். அதன் மூடி தொலைந்துவிட்டது.

அதே அளவில் வேறு கம்பெனி மூடியை வாங்கினேன். திருகு மரை சேரவில்லை. தண்ணீர்க் குழாயில் கசிவுக்குச் சுற்றும் டெஃப்லான் டேப்பைச் சுற்றி இறுக்கினேன்.

"ஏட்டி, கச்சிதமா நிக்குதுல்லா?"

அவள் டேப்பைப் பிரித்தாள்.

"அப்பா, இது தண்ணிக் குழாயா? மருந்து எரியும்போது மூடி பிச்சிக்கிட்டு வந்தா, பக்கத்துல நிக்கது நாங்கதான். அதே கம்பெனி மூடி வரட்டும்."

ஞாயிற்றுக்கிழமை விடுவதாக இருந்த ராக்கெட்டையும் தள்ளிவைத்துவிட்டாள்.

"ஒரு மூடிக்குப் போயி இவ்வளவு பயமா!" என்று சிரித்து வைத்தேன்.

டேப் சுற்றிய பிறகும் மூடி லேசாக ஆடியதை மட்டும் சொல்லவில்லை.